ஈஆர்பியை வெளியுலகோடு இணைக்கும் வெப் சர்வீஸ்களைப் பாதுகாப்பாக நடத்துவது: ராணிப்பேட்டை, ஆம்பூர், வேலூர் நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி, தோல் ஏற்றுமதி நடக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயன, இயந்திர ஆலைகள் இருக்கின்றன. வேலூரில் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. தொழில் வேறானாலும் கணினி அறையில் தலைவலி ஒன்றுதான். ஐரோப்பிய வாங்குபவரின் ஆர்டர் தானாக ஈஆர்பிக்குள் (கணக்கு, கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் நடத்தும் நிறுவன மென்பொருள்) வர வேண்டும், மின் விலைப்பட்டியல் அரசுத் தளத்துக்குப் போக வேண்டும், கப்பல் முகவரின் நிலவரம் உடனே தெரிய வேண்டும். இதற்கெல்லாம் நிறுவனத்தின் உள்ளே இருக்கும் மென்பொருள் வெளியே முகம் காட்ட வேண்டியிருக்கிறது. வெளி மென்பொருளோடு பேச அது வைக்கும் வாசலே வெப் சர்வீஸ். அதைச் செய்யும் ஐடி பொறுப்பாளருக்காக இந்தப் பக்கம்.

எங்கள் வெப் சர்வீஸை இணையத்தில் திறந்தே ஆக வேண்டுமா?

பல நேரம் வேண்டாம். இந்தக் கேள்வியை முதலில் கேட்காமல் போர்ட் (இணைய அழைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறப்பதுதான் பாதித் தொல்லைக்கு வேர்.

ஒரு தாளை எடுத்து, உங்களிடம் உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் எதிரே "அழைப்பைத் தொடங்குவது யார்?" என்று எழுதுங்கள். மின் விலைப்பட்டியலில் உங்கள் சிஸ்டம்தான் ஐஆர்பி எனும் விலைப்பட்டியல் பதிவுத் தளத்தை அழைக்கிறது, அதற்கு உள்வழி எதுவும் தேவையில்லை. கூரியர் நிலவரத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்க் கேட்டு வாங்கலாம். வாங்குபவர் எஸ்எஃப்டிபி (பாதுகாப்பான கோப்புப் பரிமாற்ற) பெட்டி கொடுக்கிறார் என்றால் அங்கிருந்து கோப்பை நீங்களே எடுக்கலாம். எஸ்ஏபி வைத்திருப்பவர்கள் கிளவுட் கனெக்டர் என்ற இணைப்பு மென்பொருளைப் போட்டால் அது உள்ளிருந்து வெளியே 443 வழியாகச் சுரங்கம் (குறியாக்கிய தனி வழி) அமைத்துக்கொள்ளும், பயர்வாலில் உள்நோக்கி ஒரு துளையும் போட வேண்டியதில்லை.

கடைசியில் உண்மையாகவே உள்வழி தேவைப்படுபவை மிகச் சிலவே: வாங்குபவர் தள்ளும் ஏஎஸ்2 (கையொப்பமிட்ட வணிக ஆவணங்களை இணையம் வழியாக அனுப்பும் முறை) செய்திகள், கட்டண நிறுவனமோ சரக்கு முகவரோ அனுப்பும் வெப்ஹுக் (ஏதாவது நடந்ததும் தானாக வரும் அறிவிப்பு), கிளை அலுவலகமோ மொபைல் செயலியோ அழைக்கும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் வழி). இவற்றை மட்டும் பாதுகாப்பாக வைத்தால் போதும். மற்றவற்றுக்குக் கதவே வைக்காதீர்கள்.

டாலியின் 9000 போர்ட்டை ரூட்டரில் திறந்துவிட்டோம். கிளையிலிருந்து நன்றாக வேலை செய்கிறது. இதில் என்ன பிரச்சினை?

இன்றே மூடுங்கள். டாலி அந்தப் போர்ட்டில் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளைக் கேட்டுப் பதில் சொல்கிறது. கோரிக்கை அனுப்புபவர் யார் என்று அது தனியாகச் சோதிப்பதில்லை, போக்குவரத்தும் குறியாக்கம் இல்லாமல் போகிறது. நிறுவனக் கோப்பு திறந்திருக்கும்வரை, அந்த முகவரியைக் கண்டுபிடித்த எவரும் லெட்ஜரைப் படிக்கலாம், வவுச்சரைப் பதியவும் செய்யலாம். இணைய முகவரிகளை முழுக்கத் துழாவும் கருவிகள் இரவும் பகலும் ஓடுவதால், போர்ட் எண்ணை மாற்றி ஒளித்துவைப்பதும் காப்பாற்றாது.

மாற்று எளிது. டாலி இருக்கும் கணினியிலோ அதே உள்வலையிலோ ஒரு சிறிய இணைப்பு நிரலை ஓடவிடுங்கள். அது மட்டும் 9000-ஐத் தொடட்டும். விண்டோஸ் பயர்வாலில் அந்தப் போர்ட்டுக்கு அந்த ஒரே கணினியின் உள்முகவரியை மட்டும் அனுமதியுங்கள். வெளியுலகம் பேசுவது அந்த நிரலோடுதான், அதுவும் கீழே சொல்லும் முன்வாசல் வழியாக.

சர்வரை ஆலையிலேயே வைப்பதா, வெளியே தரவு மையத்திலா?

ஈஆர்பி ஆலையில் இருக்கலாம். இணையத்தைப் பார்த்து நிற்கும் முன்வாசல் ஆலையில் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கு இந்தப் பகுதிக்கே உரிய காரணங்களும் உண்டு.

முதலாவது காற்று. தோல் பதனிடும் இடத்தில் சோடியம் சல்பைடு போடும் பிரிவிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்கடிக்கும். சர்வர் பலகைகளிலும் நினைவக இணைப்புகளிலும் இருப்பது அந்த உலோகங்கள்தான். காரணமே தெரியாமல் அடிக்கடி மறுதொடக்கமாகும் சர்வர், ஒரு வருடத்திலேயே போகும் பவர் சப்ளை என்றெல்லாம் வந்தால் மூடியைக் கழற்றி முனைகளின் நிறத்தைப் பாருங்கள். ஆலையில் வைத்தே ஆக வேண்டுமானால் அறை அந்தப் பிரிவிலிருந்து விலகி இருக்கட்டும், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் விசிறி இருக்கக் கூடாது.

இரண்டாவது வெயில். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மின்சாரம் போனால் யுபிஎஸ் சர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. மூடிய சிறு அறை சீக்கிரம் கொதித்துவிடும். ஜெனரேட்டர் இணைப்பில் அந்த அறையின் ஏசியும் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

மூன்றாவது இணைய இணைப்பு. சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் உங்களுக்குத் தனிப் பொதுமுகவரி கிடைக்காமல் போகலாம். ரூட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே தொடங்கினால் நீங்கள் பலரோடு ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள் என்று பொருள். என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது.

ஆகவே நாங்கள் பரிந்துரைக்கும் அமைப்பு இது. சென்னை அல்லது மும்பைத் தரவு மையத்தில் ஒரு சிறிய மெய்நிகர் கணினி. நாளுக்குச் சில ஆயிரம் செய்திகளுக்கு 2 கோர், 4 ஜிபி நினைவகம் தாராளம். அதில் ரிவர்ஸ் பிராக்ஸியும் (வெளிக் கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் சர்வருக்கு அனுப்பும் முன்வாசல்) செய்திகளைக் காத்துவைக்கும் வரிசை மென்பொருளும். ஆலையிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் ஒரு சுரங்கம். சுரங்கத்தைத் தொடங்குவது ஆலைப் பக்கம்தான், எனவே ஆலை ரூட்டரில் உள்நோக்கி எதுவும் திறக்க வேண்டாம். கிளவுட் கணினியில் 443 டிசிபியும் வயர்கார்டின் 51820 யுடிபியும் மட்டும் திறந்திருக்கும். ஆலைப் பக்க அமைப்பில் 25 விநாடிக்கு ஒரு உயிர்த்துடிப்பு கொடுங்கள். இல்லாவிட்டால் இடையில் உள்ள முகவரி மாற்றி, சும்மா இருக்கும் இணைப்பை மறந்துவிடும்.

ஒரு நுணுக்கம் பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கிறது. சுரங்கம் எழுந்து நிற்கும், பிங் போகும், சிறிய செய்திகள் போகும், பிடிஎஃப் இணைத்த பெரிய செய்தி மட்டும் பாதியில் நின்றுபோகும். பொட்டல அளவுதான் (எம்டியு) காரணம். வயர்கார்டு வழக்கமாக 1420 பைட் எடுத்துக்கொள்கிறது. உங்கள் இணைப்பு பிபிபிஓஇ (ரூட்டரில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும்) வகை என்றால் அடியில் 1500-க்குப் பதில் 1492 தான் இருக்கும். இருபுறமும் 1412 என்று வையுங்கள்.

இரண்டு நிறுவனங்களின் இணைய இணைப்பு வைத்திருக்கிறோம். ஒன்று அறுந்தால் மற்றது எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அப்போது மின் விலைப்பட்டியல் போகவில்லையே?

மின் விலைப்பட்டியல் ஏபிஐயை நேரடியாகப் பயன்படுத்துவோர் தங்கள் நிலையான இந்திய ஐபி முகவரியை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். இரண்டாவது இணைப்பின் முகவரி பட்டியலில் இல்லாததால் மறுக்கப்படுகிறது. இரண்டையும் பதியுங்கள். அல்லது வெளியே போகும் அழைப்புகளையும் அந்தக் கிளவுட் கணினி வழியாகவே அனுப்புங்கள். அப்போது எந்த இணைப்பு அறுந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரி ஒன்றேதான். வாங்குபவரின் ஏஎஸ்2 பயர்வாலுக்கும் இதே ஏற்பாடு உதவும்.

பிராக்ஸியில் என்னென்ன அமைக்க வேண்டும்?

மறுப்பதை இயல்பாக வையுங்கள், அனுமதியை விதிவிலக்காக வையுங்கள். "எல்லாவற்றையும் பின்னால் அனுப்பு" என்ற ஒரு வரி எழுதிவிட்டால் ஈஆர்பியின் நிர்வாகப் பக்கம், சோதனைப் பக்கம், சேவை விவரக் கோப்பு எல்லாம் வெளியே வந்துவிடும். ஆர்டர் வாங்கும் பாதை, ஏஎஸ்2 பாதை, வெப்ஹுக் பாதை என்று மூன்றுதான் தேவையென்றால் அந்த மூன்றை மட்டும் பெயர் சொல்லி எழுதி, மற்ற அனைத்துக்கும் 404 கொடுங்கள். அந்த மூன்றிலும் போஸ்ட் முறை மட்டும் போதுமென்றால் மற்ற முறைகளை வெட்டுங்கள்.

அடுத்தது அளவு. என்ஜின்எக்ஸ் என்ற பிராக்ஸி மென்பொருள் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வரும் கோரிக்கையை 413 சொல்லித் திருப்பிவிடும். பேக்கிங் லிஸ்ட் பிடிஎஃப்போடு வரும் ஏஎஸ்2 செய்தி எளிதில் அதைத் தாண்டும். உடனே வரம்பையே எடுத்துவிடுபவர்கள் உண்டு, அது தவறு. அந்தப் பாதைக்கு மட்டும், வாங்குபவர் அனுப்பும் மிகப் பெரிய கோப்பின் இரு மடங்கு என்று வையுங்கள். வெப்ஹுக் பாதைக்கு 256 கேபி போதும்.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. ஒரு பங்குதாரர் விநாடிக்கு 10 கோரிக்கை, திடீர் எழுச்சிக்கு 20 என்று தொடங்கி, ஒரு மாத லாக்கைப் பார்த்துத் திருத்துங்கள். மீறினால் 429 கொடுங்கள். 503 கொடுத்தால் சர்வர் விழுந்துவிட்டதாக எதிர்ப்பக்கம் நினைத்துக்கொள்ளும்.

பிராக்ஸி தன் பதிப்பு எண்ணைத் தலைப்பில் சொல்ல வேண்டாம். பின்னால் இருக்கும் மென்பொருள் தரும் பிழைத் தடத்தையும் அப்படியே வெளியே விடாதீர்கள், அதில் டேட்டாபேஸ் பெயர்வரை இருக்கும். வாங்குபவருக்கு ஒரு குறிப்பு எண் மட்டும் போதும், விவரம் உங்கள் லாக்கில் இருக்கட்டும்.

எங்கள் பக்கம் 504 (காத்திருக்கும் நேரம் முடிந்தது) பிழை வருகிறது. ஆனால் பார்த்தால் ஆர்டர் பதிவாகியிருக்கிறது, சில சமயம் இரண்டு முறை. ஏன்?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இணைப்பு வேலையில் பாதி கைவந்துவிடும்.

பிராக்ஸி பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து பதில் வர இயல்பாக 60 விநாடி காத்திருக்கிறது. ஈஆர்பி 70 விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 60-ஆவது விநாடியில் பிராக்ஸி 504 சொல்லிவிட்டுப் போகும். அது ஈஆர்பிக்குத் தெரியாது, வேலையை முடித்து ஆர்டரைப் பதிந்துவிடும். அனுப்பியவரின் சிஸ்டமோ தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும். அளவு, நிறம், ஜோடி என்று நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள காலணி ஆர்டர்களில் இது அதிகம். இரண்டாவது ஆர்டருக்கும் தோல் கொள்முதல் தொடங்கிவிட்டால் நஷ்டம் கணினி அறையோடு நிற்காது.

காத்திருக்கும் நேரத்தை 300 விநாடி ஆக்குவது தீர்வாகாது. அது நோயைத் தள்ளிப்போடுகிறது, கூடவே இணைப்புகளை அடைத்துக்கொள்கிறது. சரியான வழி இதுதான்: முன்வாசல் செய்தியை வாங்கி, அனுப்பியவரைச் சரிபார்த்து, வட்டில் நிலைக்கும் ஒரு வரிசையில் போட்டு, ஓரிரு விநாடியில் 202 (வாங்கிக்கொண்டேன்) என்று பதில் சொல்லட்டும். ஈஆர்பி தன் வேகத்தில் வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஆலையில் மின்சாரம் போனாலும் செய்தி வரிசையில் பத்திரமாக இருக்கும்.

அதோடு ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி அடையாளம் வேண்டும். ஏஎஸ்2-இல் செய்தி எண் தலைப்பிலேயே வரும். ஏபிஐ என்றால் அனுப்புபவர் ஒரு தனி எண் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த எண்ணை டேட்டாபேஸில் தனித்துவக் கட்டுப்பாட்டோடு சேமியுங்கள். "முதலில் தேடிப் பார்த்து, இல்லையென்றால் பதி" என்று நிரலில் எழுதினால் போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே "இல்லை" என்று கண்டு, இரண்டுமே பதிந்துவிடும்.

மின் விலைப்பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றைக் கலந்து 64 எழுத்து ஐஆர்என் (விலைப்பட்டியல் குறிப்பு எண்) உருவாகிறது. அதே விலைப்பட்டியலை மறுபடி அனுப்பினால் 2150 என்ற பிழை வரும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு புதிய எண்ணில் விலைப்பட்டியல் போட்டுவிடாதீர்கள். முதல் முயற்சியே வென்றுவிட்டது, பதில்தான் வழியில் தொலைந்தது என்று பொருள். ஏற்கெனவே உருவான ஐஆர்என்னைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள்.

ஏஎஸ்2-இல் வாங்குபவர் அதே கோப்பை மறுபடி மறுபடி அனுப்புகிறார். நாங்கள் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்?

நீங்கள் அனுப்பும் எம்டிஎன் ஒப்புகை அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒப்புகையை அதே இணைப்பில் கேட்கிறாரா, தனி முகவரிக்குக் கேட்கிறாரா என்று பாருங்கள். தனி முகவரி என்றால் உங்களிடமிருந்து வெளியே போகும் இணைப்புக்கு அனுமதி வேண்டும், அவருடைய பயர்வாலில் உங்கள் வெளிமுகவரியும் இருக்க வேண்டும். போர்ட் 4080, 5080 போன்று வழக்கத்துக்கு மாறாகவும் இருக்கலாம். ஒப்புகையில் உள்ள கையொப்பத்தை அவர் பழைய சான்றிதழால் சரிபார்த்து மறுப்பது இன்னொரு காரணம்.

பிரவுசரில் பூட்டுச் சின்னம் சரியாக வருகிறது. வாங்குபவரின் சிஸ்டம் மட்டும் சான்றிதழை நம்ப மறுக்கிறது. யார் பக்கம் தவறு?

பெரும்பாலும் உங்கள் பக்கம். இடைநிலைச் சான்றிதழை (உங்கள் சான்றிதழை எல்லோரும் நம்பும் வேர்ச் சான்றிதழோடு இணைப்பது) நீங்கள் அனுப்பவில்லை. பிரவுசர் கெட்டிக்காரத்தனமாக அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஜாவாவில் ஓடும் இணைப்பு மென்பொருள் அப்படித் தேடாது, நம்பிக்கைப் பாதையைக் கட்ட முடியவில்லை என்று நின்றுவிடும். உங்கள் சான்றிதழ், அடுத்து இடைநிலைச் சான்றிதழ் என்ற வரிசையில் ஒரே கோப்பாக இணைத்து வையுங்கள். ஓபன்எஸ்எஸ்எல் கருவியால் வெளியிலிருந்து இணைந்து பார்த்தால் எத்தனை சான்றிதழ் வருகிறது என்று தெரியும். ஒன்றே ஒன்றுதான் வந்தால் குறை அதுதான்.

இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டும் 2021 மார்ச்சிலேயே அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டவை. 1.2, 1.3 மட்டும் வையுங்கள். இதைச் செய்ததும் ஏதாவது ஒரு பழைய சிஸ்டம் அறுந்துபோகும். ஜாவா 7, டாட்நெட் 4.5 ஆகியவை தாமாக 1.2-ஐத் தேர்வதில்லை, அமைப்பில் மாற்ற வேண்டும். அதற்காகப் பழைய பதிப்பை எல்லோருக்கும் திறந்துவைக்காதீர்கள்.

சான்றிதழை ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாற்றிவருகிறோம். தொடரலாமா?

முடியாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து 398 நாளாக இருந்தது. அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகிவிட்டது. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை கையால் மாற்றுவது நடக்காத காரியம். தானாகப் புதுப்பிக்கும் முறைக்கு இப்போதே மாறுங்கள். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் 90 நாள் சான்றிதழ் இந்த வேலைக்குப் போதும். காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சலை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள், ஆகவே கண்காணிப்பு உங்கள் பொறுப்பு. இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: கோப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கும், பிராக்ஸி அதை மறுபடி படிக்கச் சொல்லாததால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். வட்டில் உள்ள கோப்பைச் சோதிக்காமல், வெளியிலிருந்து இணைந்து வரும் சான்றிதழின் தேதியைச் சோதியுங்கள்.

ஏஎஸ்2 கையொப்பச் சான்றிதழ் வேறு. அதை இரு தரப்பும் நேரில் பரிமாறிக்கொள்வதால் சொந்தமாக உருவாக்கியதும் செல்லும், இரண்டு மூன்று ஆண்டு ஆயுளும் கொடுக்கலாம். மாற்றும்போது புதியதை 30 நாள் முன்பே அனுப்பி, மாறும் நாளையும் நேரத்தையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஜெர்மனியில் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்தங்கி, கோடையில் மூன்றரை மணி நேரம். எந்த ஊர் நேரம் என்று எழுதாத மாற்றம் அன்று மாலை ஆர்டர்களை நிறுத்தும்.

பங்குதாரரின் ஐபியை மட்டும் அனுமதித்தால் போதாதா?

நல்ல முதல் வேலி, அவ்வளவுதான். ஐபி சொல்வது எந்த வலையிலிருந்து வருகிறது என்று, யார் என்று அல்ல. பங்குதாரர் பொதுக் கிளவுட்டில் இருந்தால் நாளை அந்த முகவரி வேறொருவருக்குப் போகலாம்.

கணினிக்குக் கணினி பேசும் நிலையான இணைப்புக்கு இருபக்கச் சான்றிதழ் முறைதான் எங்கள் முதல் தேர்வு. அதற்குப் பொது நிறுவனங்களின் சான்றிதழை நம்பியிருக்க வேண்டாம். கிளையன்ட் அடையாளத்துக்கான அனுமதியைப் பொதுச் சான்றிதழ்களிலிருந்து அவர்கள் விலக்கிவருகிறார்கள். பழைய சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் இணைப்பு அறுவதற்கு இது காரணமாகும். சொந்தமாக ஒரு சிறிய சான்றளிப்பு வேரை உருவாக்கி, அதன் சாவியை இணையத்தில் இல்லாத கணினியில் வைத்து, ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனிச் சான்றிதழ் கொடுங்கள். சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்பதோடு நின்றுவிடாமல், அதில் உள்ள பெயர் எந்தப் பங்குதாரர், அவருக்கு எந்தப் பாதை என்பதையும் பிராக்ஸி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கூரியர் நிறுவனத்தின் சான்றிதழை வைத்து ஆர்டர் ஏபிஐக்குள் நுழையலாம்.

அது இயலாதவர்களுக்கு ஓஆத் முறையில் 5 முதல் 60 நிமிட ஆயுள் டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) கொடுங்கள். டோக்கனில் கையொப்பம், காலாவதி, யாருக்காக வழங்கப்பட்டது ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். எந்தக் கையொப்ப முறை என்று டோக்கன் சொல்வதை நம்பாமல், நீங்கள் ஏற்கும் முறையை அமைப்பில் எழுதி வையுங்கள். வெறும் ஏபிஐ சாவிதான் வழி என்றால் ஒரே நேரத்தில் இரண்டு சாவி செல்லும்படி வையுங்கள், மாற்றும்போது சேவை நிற்காது. சாவி முகவரிக்குள் வரக் கூடாது, அங்கே வந்தால் எல்லா லாக்கிலும் பதிந்துவிடும்.

வெப்ஹுக்குக்கு எச்மேக் (இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் கணக்கிடும்) கையொப்பம். வந்த பைட்டுகளை அப்படியே வைத்துக் கையொப்பத்தைக் கணக்கிடுங்கள். ஜேசன் வடிவச் செய்தியைப் பிரித்து மறுபடி கட்டினால் ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய நேரமுத்திரை உள்ளதை மறுத்துவிடுங்கள்.

சோப் (எக்ஸ்எம்எல்லில் பேசும் வெப் சர்வீஸ் முறை) பழையது, அதனால் ஆபத்தானதா?

பழையது என்பதால் அல்ல. எக்ஸ்எம்எல் படிக்கும் பகுதி சரியாகக் கட்டப்படாவிட்டால் ஆபத்து. ஆவண வகை அறிவிப்பை அனுமதிக்கும் பார்சர், வரும் செய்தி சொன்னபடி சர்வரின் உள்கோப்புகளைப் படித்துத் தரும். ஒரு கேபிகூட இல்லாத செய்தி விரிந்து சுமார் 3 ஜிபி நினைவகத்தை விழுங்கும் தாக்குதலும் உண்டு. ஆவண வகை அறிவிப்பை முற்றிலும் முடக்குங்கள், வணிகச் செய்தி எதற்கும் அது தேவையில்லை.

கையொப்பமிட்ட சோப் செய்தி திடீரென்று மறுக்கப்பட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நேரமுத்திரைக்கு 5 நிமிடச் சலுகையே பொதுவாக இருக்கும், எதிர்காலத்தைக் காட்டும் முத்திரைக்கு அதைவிடக் குறைவு. இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு தடம் பொருந்தும் சர்வரோடு கடிகாரத்தை ஒத்திசைக்க வேண்டும்.

உபுண்டுவில் பயர்வால் போட்டிருக்கிறோம். ஆனாலும் வெளியிலிருந்து டேட்டாபேஸ் போர்ட் தெரிகிறதே?

காரணம் டாக்கர், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் மென்பொருள். அது போர்ட்டை வெளியிடும்போது அடிமட்ட விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது, நீங்கள் உபுண்டுவின் பயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் எழுதிய தடை அதன் வழியில் வருவதில்லை. போர்ட்டை வெளியிடும் இடத்தில் 127.0.0.1 என்று முன்னால் சேர்த்து எழுதுங்கள், அல்லது வெளியிடவே வேண்டாம், ஒரே டாக்கர் வலைக்குள் பெயர் சொல்லியே பேசிக்கொள்ளலாம். கிளவுட் நிறுவனம் தரும் வெளிப் பயர்வாலையும் கூடவே போடுங்கள்.

இதே சோதனையில் டாம்கேட்டின் 8009, டபிள்யூஎஸ்ஓ2 நிர்வாகப் பக்கத்தின் 9443, ஆக்டிவ்எம்க்யூவின் 61616, ஓடூவின் 8069 ஆகிய மென்பொருள் போர்ட்டுகளும் தெரிகின்றனவா என்று பாருங்கள். நிறுவும்போது வந்த அட்மின் கடவுச்சொல் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்ச் போட்டால் இணைப்பு உடையும் என்று வெண்டர் பயமுறுத்துகிறார். என்ன செய்ய?

உடைவதைக் கண்டுபிடிக்கச் சோதனைச் சூழல் ஒன்று வையுங்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே, 2023 அக்டோபரில் ஆக்டிவ்எம்க்யூ, 2025 ஏப்ரலில் எஸ்ஏபி நெட்வீவர் என்று இணைப்பு மென்பொருள்களையே குறிவைத்த ஓட்டைகள் வந்திருக்கின்றன. இவற்றில் கடவுச்சொல் எதுவும் இல்லாமலே உள்ளே நுழைய முடிந்தது. இணையத்தைப் பார்க்கும் பகுதிக்கு அவசரப் பேட்ச் 48 மணி நேரத்துக்குள், உள்ளே இருப்பதற்கு இரண்டு வாரத்துக்குள் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அதே ஒப்பந்தத்தில் வெண்டர் எப்படி உள்ளே வருகிறார் என்பதும் இருக்கட்டும். 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) போர்ட்டைத் திறந்து வைப்பது கூடாது. விபிஎன், ஆளுக்கொரு கணக்கு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. வேலை முடிந்ததும் கணக்கை முடக்குங்கள்.

மருத்துவமனை, ஆய்வகம் என்றால் வேறு என்ன?

ஆய்வகக் கருவிகள் பேசும் எச்எல்7 (மருத்துவத் தகவல் பரிமாற்ற முறை) செய்திகள் பெரும்பாலும் 2575 போன்ற போர்ட்டில் குறியாக்கம் இல்லாமல் போகின்றன. படக் கருவிகளின் 104, 11112 போர்ட்டுகளும் அப்படியே. இவை தனி உள்வலையில் இருக்க வேண்டும். குடியாத்தத்தில் இருக்கும் சேகரிப்பு மையம் வேலூர் ஆய்வகத்தோடு பேச வேண்டுமானால் சுரங்கம் வழியாகத்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை போகலாம்.

எதை லாக் செய்ய வேண்டும், எவ்வளவு நாள்?

செர்ட்-இன் உத்தரவு 180 நாள் லாக்கை இந்திய எல்லைக்குள் வைக்கச் சொல்கிறது. நேரம், எந்தப் பங்குதாரர், பாதை, செய்தி எண், அளவு, பதில் எண், எடுத்த நேரம் ஆகியவை போதும். டோக்கன், கடவுச்சொல், செய்தியின் முழு உடல் ஆகியவை லாக்கில் வேண்டாம். லாக் அதே கணினியில் மட்டும் இருந்தால் உள்ளே வந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். வேறொரு இடத்துக்கு உடனுக்குடன் அனுப்புங்கள்.

ஊடுருவல் நடந்துவிட்டதாகச் சந்தேகம். முதலில் என்ன செய்ய?

கணினியை அணைக்காதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். கிளவுட் பயர்வாலில் 443-ஐ மூடி, ஆலைப் பக்கத்தில் சுரங்கத்தை இறக்குங்கள். வட்டின் நகல் எடுங்கள். அந்தக் கணினியில் இருந்த எல்லாச் சாவிகளையும் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள், டேட்டாபேஸ் கடவுச்சொல், மின் விலைப்பட்டியல் ஏபிஐ கடவுச்சொல், ஏஎஸ்2 தனிச் சாவி உட்பட. விஷயம் உங்களுக்குத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், கட்டணமில்லா எண் 1800-11-4949. முழு விவரம் கையில் இல்லாவிட்டாலும் இருப்பதைச் சொல்லுங்கள். பங்குதாரர்களிடம் மறைக்காதீர்கள். அவர்கள் பக்கம் உங்கள் பழைய சாவியை முடக்கும்வரை உங்கள் பெயரில் வேறொருவர் பேசிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நாங்களே எப்படிச் சோதிப்பது?

அலுவலக வலையிலிருந்து சோதித்தால் பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். மடிக்கணினியை மொபைல் டேட்டாவில் இணைத்து, உங்களுக்குச் சொந்தமான முகவரிகளை மட்டும் என்மேப் கருவியால் 65,535 போர்ட்டுகளும் பாருங்கள். டிசிபியில் 443 தவிர வேறு தெரியக் கூடாது. பிறகு சான்றிதழ் இல்லாமல் ஒரு கோரிக்கை, காலாவதியான டோக்கனோடு ஒன்று, வேறு பங்குதாரரின் சான்றிதழோடு ஒன்று, வரம்பைத் தாண்டிய அளவில் ஒன்று, ஒரே செய்தி எண்ணில் இரண்டு, ஆவண வகை அறிவிப்போடு ஒன்று அனுப்புங்கள். எதற்கு என்ன பதில் வந்தது, லாக்கில் பதிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சுரங்கத்தை ஒரு மணி நேரம் இறக்கிவைத்து, வரிசையில் சேர்ந்தவை திரும்ப ஏற்றியதும் ஒன்று விடாமல், ஒன்றும் இரட்டிக்காமல் ஈஆர்பிக்கு வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு புதிய பங்குதாரரைச் சேர்த்த பிறகும் இதைச் செய்யுங்கள்.